போன வாரத்துப் பதில்

ஜூன் 5, வெள்ளி

அடி நெட்டை,

உன் அலுவலகத்துக்குத் திரும்பிப் போகும் படிவக் கட்டோடு, அதே பழுப்பு உறைக்குள் இந்தத் தாளையும் செருகுகிறேன். கட்டை எடுக்க வரும் வண்டிக்காரர் கேட்டால் விளக்கக் குறிப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். போனில் பேசலாமே என்பாய். காலையிலிருந்து முப்பத்தொரு வீட்டுக்குப் போன் போட்டுக் காது சுட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் என்னைப் பெற்றவளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். விடுதியில் கட்டிலுக்குக் கட்டில் சீட்டு எழுதிப் போட்டுக்கொள்வோமே, அப்படியே இருக்கட்டும்.

"நலம், நலமறிய ஆவல்" என்று இனி சும்மா எழுத முடியாது. நலத்துக்கு எண் கொடுக்க வேண்டும் அல்லவா? நான் இன்று மூன்று.

நீ போட்ட படிவம்தானே இது? அழுகிற முகம் ஒன்று, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம் ஐந்து. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் போனில் முகத்தை எப்படிக் காட்டுவது மகாராணி? நானே அழுது காட்டினேன், சிரித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

வருகைப் பதிவில் பத்தாம் எண் பையன் கேட்கிறான், "நாலரை போடலாமா டீச்சர்?" பதினாலாம் எண்ணுக்கு மற்றவர்கள் எத்தனை சொன்னார்கள் என்று தெரிந்தால்தான் பதில் வரும். இருபத்திரண்டுக்குப் பின்னால் அவள் அப்பா நின்று, "அஞ்சுன்னு சொல்லு, அஞ்சுன்னு சொல்லு" என்கிறார். அவள் என்னிடம், "அஞ்சாம் டீச்சர்" என்றாள். நான் என்ன போடட்டும்? அஞ்சு என்று போட்டுவிட்டு ஓரத்தில் விவரம் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்.

பத்தொன்பதைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பேர். வாய் ஓயாது. அவள் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. அப்பா விட்டுப் போய் மூன்று வருஷம். மூன்று வயதில் ஒரு தங்கச்சி. அம்மா வேலைக்குப் போகும் நேரமெல்லாம் வீட்டில் இவள்தான் பெரிய மனுஷி. எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை கேட்டேன். பூனை குட்டி போட்டது, தங்கச்சி சோப்பைத் தின்னப் பார்த்தது, பென்சில் சீவிச் சீவிக் குட்டையாகி "உங்க அளவுக்கு வந்துடுச்சு டீச்சர்" என்பதுவரை கால் மணி நேரம். கடைசியில், "அஞ்சு டீச்சர். ஆறு இருந்தா ஆறு" என்றாள். அந்த ஒரு அஞ்சு மட்டும் உண்மையான அஞ்சு.

உன்,
குட்டை

ஜூன் 9, செவ்வாய்

என் அருமைக் குட்டைக்கு,

புதுப் படிவக் கட்டோடு என் பதிலும் வருகிறது. நான் நாலு. ஒன்று குறைந்தது உன்னால்தான்.

ஏனென்றால், ஓரத்தில் கதை எழுதாதே! எங்கள் கணினிப் பெண்கள் இரண்டு பேர் ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு படிவம் தட்டுகிறார்கள். உன் படிவம் வந்ததும் ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "மேடம், இந்த டீச்சர் நாவல் அனுப்பியிருக்காங்க. எந்தக் கட்டத்துல போடறது?" போட இடமில்லை குட்டை. எண் மட்டும்தான் உள்ளே போகும்.

நக்கல் போதும், இதன் நோக்கத்தையும் கேட்டுக்கொள். பள்ளிகள் மூடி மூன்று மாதம். எந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டால்தானே தெரியும்? அதற்காகத்தான் மேலதிகாரியோடு மல்லுக்கட்டி இந்தத் திட்டத்தை வாங்கினேன். யாராவது ஒன்று, இரண்டு என்று சொன்னால் அடுத்த வாரமே களப்பணியாளர் வீட்டுக்குப் போவார். தொடர்ந்து இரண்டு வாரம் ஒரு பிள்ளை போனுக்கே வராவிட்டால் நீங்கள் ஒரு கோடு, இரண்டு கோடு போடுகிறீர்கள் அல்லவா, அந்தப் பிள்ளை வீட்டுக்கும் போவார். பட்டியலைக் கணினியே எடுத்துக் கொடுக்கும். எவரும் மறக்க வழியில்லை. நான் செய்த வேலையிலேயே இதுதான்டி எனக்குப் பிடித்த வேலை.

ரேடியோவைக் கேட்டதாகச் சொல். ஆறு கிடையாது என்றும் சொல்.

அன்புடன்,
நெட்டை

ஜூன் 19, வெள்ளி

நெட்டை,

நான் இரண்டு. கோபித்துக்கொள்ளாதே, படிவத்தின் ஓரத்தைத் தொடவில்லை. ஓரத்தில் எழுத வேண்டியதை எல்லாம் உனக்கே எழுதுகிறேன்.

ரேடியோ வீட்டுப் போன் அணைந்து கிடக்கிறது. போன வாரமும் அப்படித்தான், கோடு போட்டேன். இந்த வாரம் திங்களிலிருந்து இன்று வரை பதினேழு தடவை கூப்பிட்டேன். "நீங்கள் அழைக்கும் எண்" என்று ஒருத்தி பாடுகிறாள். இரண்டாவது கோடும் போட்டாயிற்று.

வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்று விட்டுவிடுவேன். இவள் பேசாமல் இருக்கிற பெண் இல்லை. அதோடு அம்மா வேலை பார்ப்பது எந்த இடம் என்று யோசி. ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். துப்புரவு ஆட்கள் எல்லாம் ஒப்பந்தக்காரர் கணக்காம், அவர்களிடம் விவரம் இல்லையாம். ஒப்பந்தக்காரர் போனையே எடுப்பதில்லை.

அவர்கள் தெரு அடைக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறது. தடுப்பு வரைக்கும் போனேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் விட மாட்டேன் என்று போலீஸ்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். "டீச்சருக்கு லீவுதானே, வீட்ல இருங்கம்மா" என்று அறிவுரை வேறு. எனக்கு ஒரு சீட்டு வாங்கிக் கொடு. முடியாவிட்டால் உன் ஆளை அனுப்பு. இரண்டு கோடு ஆகிவிட்டதே.

குட்டை

ஜூன் 23, செவ்வாய்

அன்புக் குட்டை,

நீ கவலைப்படுவதற்காகத்தானே நான் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்? இரண்டு கோடு என்றால் பெயர் தானாகவே பட்டியலுக்குப் போய்விடும். திங்கட்கிழமை பட்டியல் போயிற்று. ஆள் போவார்கள்.

ஆசிரியர்களுக்குச் சீட்டு தர மேலதிகாரி சம்மதிக்கவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் நாலாயிரம் பேருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீயும் நாற்பதைத் தாண்டினவள், உனக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு. ஒழுங்காக வீட்டில் இரு.

விடுதியில் நான் ஒருநாள் ஏழு மணிக்கு வரவில்லை என்று நீ காவலாளி, சமையல்காரர், தோட்டக்காரர் எல்லோரையும் எழுப்பிக் கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். ரேடியோவும் எங்கேயாவது மாமா வீட்டில் இருந்து அவர்கள் காதைத் தின்றுகொண்டிருப்பாள்.

இங்கே வேலை தலைக்கு மேல் போகிறது. பதில்கள் வாரா வாரம் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்தைத் திங்கள்தோறும் கேட்கிறார்கள். எங்கே எவ்வளவு பதில் விடுபட்டாலும் வரி அறுந்துபோகாமல் படம் வரும்படி ஒரு வழி செய்திருக்கிறேன். மேலதிகாரி முதல்தடவையாக "நல்லா இருக்கு" என்றார். நான் அன்று நாலரை.

நெட்டை

ஜூன் 26, வெள்ளி

நெட்டை,

மூன்றாவது கோடு.

யார் போனார்கள்? என்றைக்குப் போனார்கள்? கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா? இந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுது. கிணற்றுக் கதையைச் சொல்லிச் சிரிக்காதே. அன்றைக்கு நீ கிணற்றில் இல்லை என்பது எனக்குப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மற்ற முப்பது பிள்ளைகளும் போனை எடுத்ததும் கேட்பது, "டீச்சர், ரேடியோ எத்தனை சொன்னா?"

குட்டை

ஜூன் 30, செவ்வாய்

அன்புக் குட்டை,

ஏன்டி இவ்வளவு சூடு? களப்பணியாளர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் மூவருக்குக் காய்ச்சல். ஒன்பது பேர் எத்தனை வீடு ஏறுவார்கள்? யார், எப்போது என்ற விவரம் எனக்கு வர இரண்டு வாரம் ஆகும். ஏற்பாட்டின் மேல் கொஞ்சம் நம்பிக்கை வை. என் மேல் வை, அது போதும்.

இந்தக் கட்டோடு உன் வகுப்பின் மாதச் சுருக்கம் வருகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு வாரத்து எண்களும் வரிசையாக இருக்கும், பார். மொத்தத்தில் நூற்றுக்கு எண்பத்து நாலு பிள்ளைகள் நாலும் ஐந்தும் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் எண்பத்து நாலு! அடுத்த வாரம் அறிக்கையாக அச்சாகிறது. முகப்பில் உன் வகுப்பின் பேரைப் போட முடியாது, ஆனால் அந்த எண்பத்து நாலில் உன் சிரித்த முகமும் அழுத முகமும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

ஒரு சின்னக் குறை. போன கடிதத்தில் நீ உன் எண்ணைச் சொல்லவில்லை.

நெட்டை

ஜூலை 4, சனி

நெட்டை,

இது படிவக் கட்டோடு வருகிற கடிதம் இல்லை. எங்கள் தலைமையாசிரியரின் மகன் வண்டியில் கொண்டுவந்து உன் கையிலேயே கொடுப்பான். வாங்கியதும் உட்கார்ந்து படி.

உன் மாதச் சுருக்கம் வியாழக்கிழமை காலையில் கையில் கிடைத்தது. முதலில் பத்தொன்பதைத்தான் பார்த்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உன் ஆள் போய்ப் பார்த்துவிட்டார், அவளும் ஐந்து சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். அடுப்படியில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். உன்னைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

அப்புறம் தேதி கண்ணில் பட்டது. ஜூன் பன்னிரண்டுக்கும் ஐந்து. அன்றைக்கு இந்தக் கையால்தான் கோடு போட்டேன். அன்றைக்கு எவரும் போகவில்லை, எவரும் கேட்கவில்லை. அப்படியானால் அந்த ஐந்தை யார் சொன்னது? பேனாவை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

தடுப்பு வழியாகப் போகவில்லை. பின்பக்கம் சாக்கடை ஓரமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். தெருவில் ஆளே இல்லை. அவர்கள் அறை கீழ்த்தளத்தில். கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது, 'உள்ளே வரக் கூடாது' என்று. அதில் போட்டிருந்த தேதி முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்து, "நாங்க நல்லா இருக்கோம்" என்று ஒரு குரல்.

"நான் டீச்சர்டி. கதவைத் திற."

"யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க டீச்சர்னா அட்டென்டன்ஸ் எடுங்க."

எடுத்தேன் நெட்டை. அந்தச் சந்தில், முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ஒன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டேன். பதினெட்டு வரை உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. பத்தொன்பதைக் கூப்பிட்டதும், "உள்ளேன் டீச்சர்" என்றாள். தாழ்ப்பாள் விலகியது.

அவள் அம்மா ஜூன் பத்தாம் தேதி வேலைக்குப் போனவள். அங்கேயே காய்ச்சல் கண்டு, அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் ஒருத்தி மூன்று நாள் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மா வர்ற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாதாம், யார் கேட்டாலும் நல்லா இருக்கோம்னு சொல்லணுமாம்" என்று சேதி சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அந்தத் தாய்க்குப் பயம். அப்புறம் சாப்பாடு கொண்டுவந்தவளும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா கயிற்றில் பை கட்டி ரொட்டியும் பாலும் இறக்கிவிடுவாளாம், இரண்டு நாளைக்கு ஒருமுறை. மேலேயிருந்து, "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கோம் ஆன்ட்டி." தாள் ஒட்ட வந்தவரும் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார். அவருக்கும் அதே பதில். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள் நெட்டை. கேட்காதவர் ஒருவரும் இல்லை.

இருபத்து மூன்று நாள். அடுப்பில் எரிவாயு தீர்ந்து பன்னிரண்டு நாள். அரிசியை ஊறவைத்துத் தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறாள். சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு, கண்ணெல்லாம் குழிவிழுந்து தலை தொங்கிக் கிடந்தது. தூக்கிக்கொண்டு தடுப்பு வழியாகவே வந்தேன். அதே போலீஸ்காரர். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், வண்டியை வரவழைத்தார். இப்போது குளுக்கோஸ் ஏறுகிறது. பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர்.

அவள் அம்மா ஜூன் இருபத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குச் சொல்ல அழைத்த எண், அவள் சொந்தப் போன் எண். வீட்டுக்கே இருந்தது அந்த ஒரு போன்தான், நான் கூப்பிட்டதும் அதைத்தான். அந்தப் போன் அவள் துணிப்பையில், அதே ஆஸ்பத்திரிப் பெட்டியறையில் அணைந்து கிடந்தது. அந்த வார்டு நர்ஸ் என்னிடம் சொன்னார்: "தினமும் கேட்டுட்டே இருந்தாங்க மேடம், யாராவது போய்ப் பிள்ளைங்களப் பார்த்தாங்களான்னு. யாராவது பார்த்துட்டு வந்திருந்தா என் போன்லயே பேச வச்சிருப்பேன்."

இரண்டாவது கோடு ஜூன் பத்தொன்பது. நீ சொன்னபடி திங்கட்கிழமை ஆள் போயிருந்தால் இருபத்திரண்டு. ஏழு நாள் இருந்தது நெட்டை. அவர்கள் பேசிக்கொள்ள ஏழு நாள் இருந்தது.

ரேடியோ என் வீட்டில் என் கட்டிலில் படுத்திருக்கிறாள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்கிறாள். இன்னும் சொல்லவில்லை. வேறு எதுவும் பேசுவதில்லை.

எனக்கு ஒன்று மட்டும் சொல். அந்த ஐந்தை எழுதியது யார்?

ஜூலை 6, திங்கள்

குட்டை,

நான்.

இரண்டு நாளாக இதை வேறு மாதிரி எழுதப் பார்த்தேன். கணினி, மேலதிகாரி, ஆள் பற்றாக்குறை என்று நாலு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

கோடு விழுந்தால் படத்தில் வரி அறுந்துவிடும். அதனால் கோடு விழுந்த வாரத்துக்கு, அந்தப் பிள்ளை போன வாரம் சொன்ன பதிலையே போட்டுக்கொள்ளும்படி ஒரு விதி எழுதினேன். எங்கள் தொழிலில் இது வழக்கமான வேலைதான். ஒரு வாரம் விடுபட்டால் பெரிய தப்பும் வராது. உன் முதல் கோட்டில் அவளுடைய ஜூன் ஐந்தின் ஐந்து போய் உட்கார்ந்தது. இரண்டாவது கோட்டில் அந்த ஐந்தைப் பார்த்து இன்னொரு ஐந்து. அப்படியே நாலு.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை, கோடுகளை நிரப்பிய அட்டவணையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். நிரப்புவதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும். நிரப்பிய பின் அங்கே கோடு ஏது? பட்டியலில் ஒன்று சொன்ன பிள்ளை இருந்தது, இரண்டு சொன்ன பிள்ளை இருந்தது. பதிலே சொல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதை நான் பார்த்தேன் குட்டை. பார்த்துவிட்டு, ஆசிரியர்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். நீ இரண்டு கடிதம் எழுதினாய். பத்தொன்பது என்று தட்டிப் பார்க்க எனக்கு அரை நிமிஷம் போதும். நான் பார்க்கவில்லை. நான் செய்த ஏற்பாட்டில் எனக்கு அவ்வளவு கர்வம்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது என்றார். "ஒரு கேஸுக்காக மொத்தத்தையும் தப்புன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டார். ஒரு கேஸ்தானா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். நானும் அந்த இரண்டு கணினிப் பெண்களும் நீங்கள் அனுப்பிய தாள்களைக் கையால் புரட்டினோம். இரண்டு கோடோ அதற்கு மேலோ விழுந்த பிள்ளைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு.

மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் அந்த வீடுகளுக்குப் போகப் போகிறேன்.

நெட்டை

ஜூலை 10, வெள்ளி

இன்று அவளிடம் சொன்னேன். "சரி டீச்சர்" என்றாள். போய்த் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நீ தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. இரவும் பகலும் அந்த நர்ஸ் சொன்னதுதான் காதில் ஓடுகிறது. உன் பழைய கடிதங்களின் தேதியை எடுத்துப் பார்த்தேன். நீ வரிக்கு வரி அன்பைக் கொட்டி எழுதிய அதே வாரத்தில்தான் அவள் அரிசியை ஊறவைத்திருக்கிறாள்.

படிவம் அனுப்புவேன், அது என் வேலை. இனி எனக்கு எழுதாதே.

ஜூலை 21, செவ்வாய்

குட்டை,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், திட்டு.

அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஆள் போய்க்கொண்டிருக்கிறார்கள். களப்பணியாளர் ஒன்பது பேரோடு நானும் போகிறேன். கேட்காமலே போகிறேன், தடுக்க ஆளில்லை. முக்கால்வாசிப் பேர் ஊர் மாறியிருக்கிறார்கள், போனை விற்றிருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். மற்றவர்கள் அப்படி இல்லை. ஒரு பையன் மூன்று மாதமாகச் செங்கல் சூளையில். ஒரு பெண்ணின் கையில் சூட்டுக் காயம். "நல்லா இருக்கியா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். "உள்ளே வரலாமா?" என்று மட்டும் கேட்கிறேன்.

எண்பத்து நாலு தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். அப்படியானால் சரியான எண் எத்தனை என்று கேட்டார்கள். ஒரு கோடாவது விழுந்த பிள்ளை மூன்றில் ஒன்று, அவர்களைப் பற்றித் தெரியாது என்று எழுதினேன். தெரியாது என்பது விடையா என்று கேட்டார்கள். அச்சடித்த அறிக்கை கட்டுக் கட்டாக வராந்தாவில் கிடக்கிறது, வெளியே போகவில்லை. என்னையும் அந்த நாற்காலியிலிருந்து எடுத்து, வெற்றுப் படிவங்கள் வைக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. எனக்கு அதில் வருத்தமில்லை.

சின்னவள் நடக்கிறாளா?

நெட்டை

ஆகஸ்ட் 4, செவ்வாய்

குட்டை,

வண்டிக்காரரிடம் வெள்ளிதோறும் உன் கட்டை நானே வாங்குகிறேன். உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்க்கிறேன். படிவம் மட்டும்தான் விழுகிறது. "தேடறது கிடைச்சுதா மேடம்?" என்று அவர்கூடக் கேட்டுவிட்டார்.

இந்தக் கட்டில் வருவது புதுப் படிவம். கிடங்கில் இருப்பவளுக்கு யோசனை சொல்ல உரிமை இல்லை என்றார்கள். அச்சகத்துக்குத் தாள் அனுப்புவது கிடங்கில் இருப்பவள்தானே? ஓரத்தில் மூன்று விரல் அகலம் இடம் விட்டிருக்கிறேன். கணினிப் பெண்கள் இப்போது அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். என்ன வேண்டுமானாலும் எழுது, நாவலே எழுது.

உன்னிடமிருந்து பதில் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. என் பழைய விதிப்படி, நீ கடைசியாகச் சொன்னதையே ஒவ்வொரு வாரமும் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னது, "இனி எனக்கு எழுதாதே." அதையே போட்டுக்கொண்டால் எனக்கும் சுலபம், சும்மா இருந்துவிடலாம். உன் கோபம் ஆறியிருக்கும் என்று நானே நிரப்பிக்கொண்டாலும் சுலபம்தான். இரண்டும் செய்ய மாட்டேன். அந்த இடத்தில் கோடு கோடாகவே இருக்கட்டும். இரண்டு கோடு விழுந்தால் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். விதி எழுதியவள் நான்தான்.

அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டு வாசலில் இருப்பேன். நாற்பது வயதுக்கு மேல் ஆனவள், மூச்சுத் தொந்தரவு உள்ளவள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

யார் வந்திருப்பது என்று ரேடியோ கேட்டால் மறைக்காதே. "உன் பேருக்கு நேரே அஞ்சு எழுதினவள் இவள்தான்" என்று அவளிடம் சொல். அவள் என்னிடம் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். ஒன்றும் கேட்காவிட்டாலும் சரி.

நீ கதவைத் திறக்க வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். நான் தட்டிவிட்டு உன் பேரைக் கூப்பிடுவேன். உள்ளேயிருந்து "உள்ளேன்" என்று ஒரு வார்த்தை சொல்லு, போதும். நான் திரும்பிப் போய்விடுகிறேன். சொல்லாவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன்.

நெட்டை